இருபது நிமிடக் கெடு

காரைக்கால் என்ற பெயரைக் கேட்டாலே கார்குழலிக்கு ஆகாது. ஊரின் மேல் ஒரு குறையும் இல்லை. நான்கு வருடங்களுக்கு முன், புதுச்சேரியில் உட்கார்ந்தபடியே அங்கிருந்த ரௌட்டர் என்னும் நெட்வொர்க் கருவி ஒன்றில் ஒரு வரியைத் தப்பாகத் தட்டிவிட்டாள். அது அவளையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டது. அதைத் திறக்க நாலு மணி நேரம் பஸ்ஸில் போனாள். அங்கே ஒரு அலுவலகமே வேலையை விட்டுவிட்டு இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். தூரத்து ரௌட்டரில் கைவைக்கும் முன் அதற்கு ஒரு கெடு வைத்துவிடுவாள். இன்னும் இருபது நிமிடத்தில் நீயே அணைந்து எழுந்துகொள் என்று. வேலை சரியாக முடிந்தால் கெடுவை நீக்கிச் சேமித்துவிடலாம். தப்பிப்போனாலும் பயமில்லை. அணைந்து எழுந்த ரௌட்டர் சேமிக்காததை எல்லாம் மறந்து பழையபடி நிற்கும். இந்தத் தொழிலில் பலரும் எப்போதாவது செய்வதுதான். கார்குழலி எப்போதும் செய்வாள். கேஸ் குமிழைத் தொட்டுப் பார்த்து வீட்டைப் பூட்டிய பிறகு, தெருமுனையிலிருந்து திரும்பி வந்து மறுபடி தொட்டுப் பார்க்கிறவள் அவள்.

வயது நாற்பத்தொன்று. அப்பா பலராமன் பஞ்சாலைத் தொழிலாளி. மகள் என்ன வேலை செய்கிறாள் என்று அவருக்குப் புரிந்ததே போன மாதம்தான்.

"உங்க ஆலையில சங்கு ஊதுவாங்களே, யாருக்குக் கேக்கும்?"

"ஊருக்கே கேக்கும். லீவு போட்டவனுக்கும் கேக்கும், அதான் கடுப்பு."

"அதுதாம்ப்பா பிராட்காஸ்ட். மல்டிகாஸ்ட்னா கல்யாணப் பத்திரிகை மாதிரி. பேர் குடுத்த வீட்டுக்குத்தான் போவும். இப்ப எங்க வேலை என்னன்னா, சங்குச் சத்தத்தைப் பத்திரிகையில மடிச்சு அனுப்பி, அந்தப் பக்கம் பிரிச்சு மறுபடி சங்கா ஊதணும்."

"சங்கையே நேரா ஊதிட்டுப் போவ வேண்டியதுதானே?"

"நடுவுல இருக்கிற நெட்வொர்க் கூச்சலை உள்ளவே வுடாதுப்பா. வுட்டா எல்லாமே அடைச்சுக்கும்."

சங்கு என்று அவள் சொன்னது கடல் எச்சரிக்கை. புதுச்சேரி நகரத்தில் மிஷன் வீதிக்குப் பின்புறம் ஒரு மாடியில் எச்சரிக்கை அறை. அங்கிருந்த பழைய இயந்திரத்துக்குக் கூவத்தான் தெரியும். எட்டு மீனவர் குப்பங்களில் இருந்த ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கும் கூவலைக் கேட்கத்தான் தெரியும். இடையில் மல்டிகாஸ்ட் மட்டுமே ஓடும் நெட்வொர்க். ஆகவே இந்தப் பக்கத்து ரௌட்டர் கூவலை மடிக்க வேண்டும், குப்பத்து ரௌட்டர் பிரித்துக் கூவ வேண்டும். நேற்று ஏழு குப்பங்களில் பெட்டி பேசிவிட்டது. காலாப்பட்டுப் பக்கத்து எட்டாவது குப்பம் மட்டும் வாய் திறக்கவில்லை.

இன்று பிற்பகல் மூன்றரைக்குக் கடல் கொந்தளிப்பு எச்சரிக்கை போக வேண்டும் என்று உத்தரவு. அந்தக் குப்பத்தில் மாலை வலைக்குப் போகும் பதினான்கு பைபர் படகுகள் நாலு மணிக்கெல்லாம் இறங்கிவிடும். போனில் சொல்லிவிடலாமே என்றால், அதற்கும் வழியில்லை. வாட்ஸாப்பில் வந்த புரளியை நம்பி இரண்டு முறை தொழில் கெட்டதில், ஊர்ப் பஞ்சாயத்தார் கூடி ஒரு கட்டுப்பாடு போட்டிருந்தார்கள். பெட்டி சொன்னால்தான் படகை நிறுத்துவது. வேறு எவர் வாய்ச்சொல்லும் செல்லாது.

மணி மூன்று ஐந்து. எச்சரிக்கை அறைப் பொறுப்பாளர் நிர்மலாதேவி, அவள் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றிருந்தார்.

"கண்டுபிடிச்சிட்டியாம்மா?"

"கண்டுபிடிச்சிட்டேன் மேடம். பத்திரிகை போய்ச் சேருது. வெளிய கூவறதுக்கு அந்த ரௌட்டர்ல அனுமதி இல்ல. மூடி வெச்சிருக்கு."

"தொறந்து வுடு."

"முழுசாத் தொறந்தா கண்டதும் உள்ள பூந்துடும் மேடம். எச்சரிக்கை வர்ற வழியை, அந்த ஒரு போர்ட்டை மட்டும் தொறக்கறேன்."

இருபது நிமிடக் கெடுவை வைத்தாள். மூன்று வரி தட்டினாள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தாள். பிறகு அந்தக் குப்பத்தின் செல்வாம்பாளுக்குப் போன் போட்டாள். மீன் விற்கும் செல்வாம்பாளிடம்தான் பெட்டியும் ரௌட்டரும் இருந்த மீனவர் சங்கக் கட்டடத்தின் சாவி.

"அக்கா, சோதனை அனுப்பறேன். பெட்டி கிட்ட நில்லுங்க."

"நேத்துலருந்து நின்னுதாம்மா இருக்கேன். இது எங்க வூட்டுக்காரரு மாதிரி, கேட்டா பதிலே வராது."

அவள் சிரித்து முடிப்பதற்குள் போனுக்குள்ளேயே பெட்டியின் குரல் கேட்டது: 'இது சோதனை. இது சோதனை.'

"ஐயோ, பேசுது! ஏம்மா, நீ கெட்டிக்காரிதான்!"

அப்போதே கெடுவை நீக்கியிருக்க வேண்டும். ஆனால் மூன்று முறை கேட்காமல் சேமிப்பதில்லை என்பது கார்குழலியின் இன்னொரு பழக்கம். இரண்டாவது முறையும் பெட்டி பேசியது. மூன்றாவதை அனுப்பக் கை போனபோது ஒரு நினைப்பு குத்தியது. இதைத் திறக்கப் போய் மற்ற ஏழில் ஏதாவது கெட்டிருந்தால்? ஒவ்வொரு குப்பமாகத் திறந்து பார்த்தாள். திரையில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏழு ஜன்னல்கள். அடியில் கிடந்த எட்டாவது ஜன்னலில், ஐந்து நிமிடம் இருக்கிறது, ஒரு நிமிடம் இருக்கிறது என்று ரௌட்டர் எழுதிக்கொண்டே இருந்ததை அவள் பார்க்கவில்லை.

மூன்றரைக்கு நிர்மலாதேவி பொத்தானை அழுத்தினார். ஏழு குப்பங்களிலிருந்தும் கேட்டது என்று பதில் வந்தது. பிறகு போன் அடித்தது.

"ஏம்மா, பெட்டி செத்துப்போச்சு! சிவப்பு லைட்டு மட்டும் மினுக்குது."

கார்குழலி ஜன்னல்களை விலக்கினாள். கடைசி ஜன்னலில் தொடர்பு அறுந்த செய்தி. அவள் வைத்த கெடு, அவள் சொன்னபடியே அவள் வேலையைத் துடைத்துவிட்டிருந்தது. ரௌட்டர் எழுந்ததும் பெட்டி உயிர் பெறும், ஆனால் கூவ அனுமதி இருக்காது.

"என்னாச்சு?" என்றார் நிர்மலாதேவி.

"நான்தான் மேடம். நானே அணைச்சுட்டேன்." அதற்கு மேல் சொல்ல நேரமில்லை. போனில் கத்தினாள். "அக்கா, கடல் பொங்கப்போவுது. யாரையும் எறங்க வுடாதீங்க. எனக்குப் பத்து நிமிஷம் வேணும்."

"நான் சொன்னா எவன் கேப்பான்? கட்டுப்பாடு இருக்கே. போட்டைத் தள்ளிக்கிட்டு இருக்கானுவ."

போன் அணையவில்லை. மணலில் ஓடும் மூச்சு கேட்டது. அப்புறம் ஆண்களின் சிரிப்பு. செல்வாம்பாளின் கணவர் வடிவேலின் குரல்: "பெட்டி பேசலன்னு நீ பேச வந்துட்டியா? உன் வாய்க்குப் பயந்துதாண்டி நான் கடலுக்கே போறேன்!"

"போ, போ. எண்ணெய் இல்லாம எப்படிப் போறேன்னு பாக்கறேன்."

"ஏய்! கேனை வையி கீழ!"

கரையில் கூச்சல் ஏறியது. வடிவேலின் படகுதான் முதல் வரிசையில் நடுவில் இருந்தது. அது நகராமல் பின்னால் இருந்தவை இறங்க முடியாது. ஆனால் ஓரத்திலிருந்த இரண்டு படகுகள் அலையைத் தாண்டிவிட்டன என்று யாரோ சொல்வது கேட்டது.

மூன்று நாற்பதுக்கு ரௌட்டர் எழுந்தது. கார்குழலியின் விரல்கள் பழக்கத்தில் கெடுவைத்தான் முதலில் தட்டப் போயின. நிறுத்தினாள். இந்த முறை தப்பினால் தூக்கிவிட ஒன்றும் இருக்காது. காலாப்பட்டுக்குப் பஸ் பிடிப்பதற்குள் மாலை முடிந்துவிடும். கெடு இல்லாமலே மூன்று வரியையும் தட்டினாள். ஒரு முறைதான் படித்தாள். சேமித்தாள்.

"மேடம், அழுத்துங்க."

போனில் முதலில் கூச்சல்தான் கேட்டது. அதற்கு மேலே எழுந்தது பெட்டியின் உயிரில்லாத குரல். 'கடல் கொந்தளிப்பு எச்சரிக்கை. படகுகள் கடலுக்குள் செல்ல வேண்டாம். சென்றவை கரை திரும்பவும்.' கூச்சல் அடங்கியது. அடுத்து விசில், துண்டை வீசச் சொல்லும் குரல்கள், திரும்பி வரும் இன்ஜின் சத்தம்.

வடிவேல் சொல்வது கேட்டது: "சரி, கேனைக் குடு. கை வலிக்கப்போவுது."

"உனக்கு இப்பத்தான் என் கை தெரியுதா?"

கார்குழலி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "அக்கா, எல்லாம் வந்துடுச்சா?"

"வந்துடுச்சும்மா. பதினாலும் கரையிலதான்."

"எண்ணினீங்களா?"

"பாத்தாலே தெரியுது."

"எண்ணிச் சொல்லுங்கக்கா. சத்தமா."

செல்வாம்பாள் அலுத்துக்கொண்டாள். ஆனாலும் எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. கார்குழலியும் மேசையில் விரல் வைத்துக்கொண்டே வந்தாள். பதிமூணு என்றதும் குரல் நின்றது. நிர்மலாதேவி அவள் தோளைப் பிடித்தார்.

"இரும்மா, அலையில இருக்கு. இழுக்கறானுவ... தூக்கு, தூக்கு... ஆங். பதினாலு."

கார்குழலி பதினான்குக்கு வைத்த விரலை மேசையிலிருந்து எடுக்கவில்லை. எடுக்காமலே, மற்றொரு கையால் எட்டாவது ஜன்னலை மேலே கொண்டுவந்து, சேமித்ததைச் சேமித்துவிட்டோமா என்று பார்த்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க," என்றாள். "இன்னும் ஒரே ஒரு தடவை எண்ணிடுங்க."