தாமதத்துக்கான காரணம்

அந்தக் கணினி அறையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் குமட்டும். தொண்ணூறுகளின் கடைசியில், இலங்கையின் கிழக்கே கல்முனைப் பக்கம் ஒரு அரச அலுவலகத்தில் நான் எழுத்து வேலை பார்க்கும் இலிகிதர். கணினி வந்த அன்று துஆ ஓதி, வாழைப்பழம் பங்கிட்டார்கள். தூசு படுமென்று எல்லோரையும் செருப்பை வாசலில் கழற்ற வைத்தார் பிரதம இலிகிதர். செருப்புக்குத்தான் தடை, கணினிக்குள் செருகும் பிளொப்பித் தட்டுக்கு இல்லை. அச்சு எந்திரம் எங்களிடம் மட்டும் இருந்ததால், மற்ற அலுவலகக்காரர்களும் வாத்திமாரும் ஆளுக்கொரு பிளொப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருவர் கார் ஓட்டும் விளையாட்டைக்கூடக் கொண்டுவந்து ஏற்றினார்.

உள்நாட்டுச் சண்டையில் ஆளை இழந்த குடும்பங்களின் நட்டஈட்டு விண்ணப்பங்களை நான் அதில் பதிந்தேன். பதிந்து முடிந்ததும் கடதாசிப் படிவங்களைப் பழைய பேப்பர்காரனுக்கு நிறுத்துக் கொடுத்தார்கள். கணினி இருக்கும்போது கடதாசி எதற்கு என்று பிரதம இலிகிதர் கேட்டார். வைரஸ் தடுக்கும் மென்பொருளும், பிரதி எடுத்துவைக்க ஒரு பெட்டி பிளொப்பியும் கேட்டு மேலிடத்துக்குக் கடிதம் எழுதினேன். இதுவரை பழுது ஏற்படாதபடியால் நிதி ஒதுக்க முடியாது, பழுதானால் திருத்த வேலைக்கு விண்ணப்பிக்கவும் என்று பதில் வந்தது. அதே மாதம் அறைக்குத் திரைச்சீலையும் ஏசியும் வந்தன.

"வராத வருத்தத்துக்கு ஆரும் மருந்து வாங்குவானா, தம்பி?" என்றார் பிரதம இலிகிதர்.

வருத்தம் வந்தது. ஒரு திங்கட்கிழமை கணினியைப் போட்டால், யாரோ ஒருவரின் பிளொப்பியில் வந்த வைரஸால் பட்டியல் முழுவதும் போயிருந்தது. திருத்த வேலைக்கென்று கேட்டதும் காசு ஓடி வந்தது. வெட்கங்கெட்ட காசு.

எல்லோரையும் திரும்ப விண்ணப்பிக்கச் சொன்னார்கள். வயல் காவலுக்குப் போன கணவரைத் துப்பாக்கிச் சூட்டில் பறிகொடுத்து, இடியப்பம் அவித்துப் பிள்ளைகளை வளர்த்த ஒரு பெண் வந்தார். கையெழுத்து வைக்க மட்டுமே தெரியும். படிவத்தை நீட்டியதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புள்ளையளுட வாப்பா மவுத்தானத நான் இன்னும் எத்தின தரம் எழுதித் தரணும், மகன்?"

படிவத்தைத் திரும்ப வாங்கி நானே நிரப்பினேன். முடிவுத் திகதி தாண்டியிருந்ததால், தாமதத்துக்கான காரணத்தைக் கேட்டது படிவத்தின் ஒன்பதாவது கேள்வி. கணினி பழுது என்று எழுதப்போனேன். கணக்காய்வில் மாட்டிக்கொள்வோம் என்று பிரதம இலிகிதர் பேனையைப் பிடித்து நிறுத்தினார். விண்ணப்பதாரியின் கவனயீனம் என்று எழுதச் சொன்னார். எழுதாவிட்டால் படிவத்தை அனுப்பமாட்டேன் என்றார். நானும் எழுதினேன். என் கையால் எழுதியதுதான் அது.

எழுதினதை வாசித்துக் காட்டும்படி அந்தப் பெண் கேட்டார். ஒன்று முதல் எட்டு வரை வாசித்தேன். பிறகு பத்தை வாசித்தேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மெதுவாகக் கையெழுத்து வைத்தார்.

"ஒங்களுக்கு அல்லாஹ் பறக்கத் செய்யட்டும், மகன்" என்று சொல்லிவிட்டு, வாசலில் தன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்.