பத்து மணித் தகரம்

இந்த ஊரில் திட்டுவதைக்கூட மரியாதையாகத்தான் திட்டுகிறார்கள். வந்த புதிதில் பேருந்தில் என் மூட்டை ஒருவரை இடித்துவிட்டது. "ஏனுங்க, கண்ணு தெரியலீங்களா?" என்றார். அக்கறையாக விசாரிக்கிறார் என்று நினைத்து, "நல்லாத் தெரியுதுங்கய்யா" என்று சிரித்துவைத்தேன். சொல் மெத்தென்று இருந்தால் வலி குறையும் என்று நினைத்துவிடாதீர்கள். அவிநாசிப் பக்கம் மூன்று வருஷம் இருந்துவிட்டுச் சொல்கிறேன், இங்கே கதவைச் சாத்துகிறவர்கள் சத்தமில்லாமல் சாத்துவார்கள்.

சிலோன் மலையில் இன்னும் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கும், என்னைப்போல் இரண்டு சர்க்காரும் போட்ட ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்து மூலைக்கொருவராய்க் கிடக்கும் நம்மவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் அங்கே பிள்ளைமடுவத்தில் ஆயாவாக இருந்தவள். கொழுந்துக்குப் போகும் தாய்மாரின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பத்து மணிக்கு நான் தகரம் தட்டினால், கூடையை இறக்கி வைத்துவிட்டு எல்லாரும் பால் கொடுக்க வருவார்கள். சிடுமூஞ்சிக் கங்காணிகூட அப்போது வாய் திறக்க மாட்டான். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி விரித்த அந்தத் தகரம் என் பெட்டியோடு கப்பலில் வந்தது. எதற்கு என்று கேட்காதீர்கள். நகை இருந்தவர்கள் நகையைக் கொண்டுவந்தார்கள்.

இங்கே எனக்கு வேலை கொடுத்தது ஒரு சின்னச் சங்கம். பருத்தி எடுக்கவும் கடலை பறிக்கவும் தெற்கேயிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறவர்களின் பிள்ளைகளுக்காக, ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஐம்பதுகளில் தொடங்கியது. ஒரு வேப்பமரம், அதில் தாய்மார் கட்டிவிட்டுப் போகும் பழஞ்சேலைத் தொட்டில்கள், ஆரம்பத்தில் அவ்வளவுதான் சங்கம். பிறகு பால்பவுடர் வந்தது, கரும்பலகையும் சிலேட்டுகளும் வந்தன. சொந்தமாக ஒரு கூரை மட்டும் வாய்க்கவேயில்லை. நான் சேர்ந்தபோது, குன்னத்தூர்ச் சாலையில் ஒரு பண்ணையக்காரர் தம் பருத்திக்காட்டிலிருந்த சாளையை, அந்த ஓலைக் கொட்டகையை, இரவலாக விட்டிருந்தார். நல்ல மனிதர். அதை இப்போதும் சொல்வேன்.

முதுகுளத்தூர்ப் பக்கத்து ராக்கு தன் கைக்குழந்தையை என்னிடம் கொடுத்த அன்று, ஏழு வயது மகள் பேச்சியையும் முன்னால் தள்ளிவிட்டாள். "தம்பிப்பயலத் தூக்கித் தூக்கி இவ இடுப்பே கோணிப்போச்சுக்கா. நீங்க அவன வச்சுக்கிட்டா இவ நாலெழுத்துப் படிப்பா." தொட்டிலில் தம்பி கிடக்கும்வரைதான் பேச்சி கையில் சிலேட்டு. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் கெடுத்தேன்.

ஒருநாள் அந்தப் பையன் பசியில் வீறிட்டான். மற்றதுகளும் சேர்ந்துகொண்டன. ஒவ்வொன்றாய்க் காட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். பழக்கதோஷம், தகரத்தை விட்டத்தில் கட்டித் தட்டினேன். தட்டினால் வந்துவிடுங்கள் என்று தாய்மாரிடம் முன்பே பெருமையாகச் சொல்லியும் வைத்திருந்தேன். மடிப்பருத்தியை வரப்பில் கொட்டிவிட்டு அத்தனை பெண்களும் ஒன்றாக நடந்து வந்தார்கள். மலையையே திரும்பப் பார்த்ததுபோல் எனக்கு அழுகை வந்தது. பண்ணையக்காரர் கண்ணில் பட்டதோ வேறு. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் செங்கொடியோடு வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த வாரம் அது.

"ஏனுங்கம்மணி, நம்ம காட்டுலயும் ஸ்ட்ரைக்குங்களா?"

"பால் குடுக்கத்தாங்கய்யா வந்தாங்க. எங்க தோட்டத்துல இதுதான் வழக்கம்."

"உங்க தோட்டத்துல சரீங்க." எனக்கு மோர் வரவழைத்தார். நான் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தார். "சாளை வேற சோலிக்கு வேணுமுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

வாத்தியார் போய்க் கேட்டார். அவருக்கும் மோர்தான் கிடைத்தது. சிலோன்காரி தகரம் தட்டி ஆட்களைக் கிளப்புகிறாள் என்று சுற்றுவட்டாரமெல்லாம் பேச்சாகிவிட, வேறு யாரும் இடம் தரவில்லை. அத்தனை வருஷத்துச் சங்கம் அந்தப் பருத்தியோடு முடிந்தது. வாத்தியார் என்னை நாலு வார்த்தை வைதிருந்தால் ஆறியிருக்கும். அவரும் வையவில்லை. பேச்சி சிலேட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது தம்பி அவள் இடுப்பில் இருந்தான். "நீயே வச்சுக்கம்மா" என்றேன். "தூக்கக் கை இல்ல பெரியம்மா" என்றாள்.

அடுத்த பருத்திக்கு ராக்கு குடும்பம் வரவில்லை. எங்கே போனார்கள் என்று சொல்ல ஆளில்லை. நான் இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டுகிறேன். மலையில் இருந்தவரை இந்தியாக்காரி, இங்கே சிலோன்காரி. தகரம் என் வாடகை அறையில் கூரை ஓட்டையை மூடிக்கிடக்கிறது. உங்களுக்கு நாளெல்லாம் மழை, எங்களுக்கு வருஷத்துக்கு நாலு மழை. லீவு நாளில் பகலில் மழை பிடித்தால் தகரம் தானாகவே தட்டத் தொடங்கும். என்னையறியாமல் எழுந்துபோய்க் கதவைத் திறந்து நிற்பேன். தெருவெல்லாம் பெண்கள் ஓடிவருவார்கள், கொடியில் காயும் துணியை எடுக்க.