இன்னும் ஆறாத கெண்டி

பாய்லர்காரர் ஓய்வு பெற்றுப் பதினோரு வருடமாகிறது. ஆனாலும் எந்தப் பாத்திரத்தைத் தொட்டாலும், அது அடுப்பை விட்டு இறங்கி எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்லிவிடுவார். மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் கொதிகலனோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்திய கை அல்லவா!

கல்யாணமான புதிதில், மொட்டை மாடியில் உட்கார்ந்து மனைவியோடு வாதாடிய சாயங்காலங்களை நினைத்தால் இன்றும் அவர் முகம் மலர்ந்துவிடும்.

“இந்த உலகத்துக்கு ஆரம்பமே கிடையாதுங்க. எப்பவும் இருந்துக்கிட்டேதான் இருக்கு,” என்பாள் அவள்.

“அது எப்படி? எப்பவும் எரிஞ்சிருந்தா கரி என்னைக்கோ தீர்ந்திருக்கும். சூடெல்லாம் பரவி, எல்லாமே ஒரே வெதுவெதுப்பா ஆகியிருக்கும். சூரியன் இன்னும் சுடுதுல்ல? அப்போ பத்தவெச்ச நாள்னு ஒண்ணு இருக்கு.”

“நடுநடுவுல யாராவது கரி அள்ளிப் போட்டிருந்தா?”

“அந்தக் கரி எங்கேருந்து வந்துச்சு?”

“கரி அளந்து போடுற உங்க ஸ்டோர்கீப்பரைக் கேளுங்க!”

அந்தச் சிரிப்பு நாளாக நாளாகக் குறைந்தது. கொதிகலனை விட்டு நகர முடியாதென்று, மாமனாரின் சாவுக்குக்கூட அவர் போகவில்லை. தனியே போய் அழுதுவிட்டுத் திரும்பியவள் ஒரு வாரம் அவரிடம் வாயைத் திறக்கவில்லை.

எட்டாம் நாள், மத்தியான இடைவேளைக்குத் தீ அணையாதபடி அதைச் சாம்பலால் மூடிவிட்டு வீட்டுக்கு வந்தார். கட்டிலுக்கடியில் அவளுடைய பெட்டி இல்லை! அவருக்கு உலகமே இருண்டுவிட்டது. காலையிலேயே போயிருந்தால் இனி எங்கே பிடிப்பது? சமையலறைக்கு ஓடித் தேநீர்க் கெண்டியைத் தொட்டார். கை பொறுக்கிற சூடு. இறக்கி இருபது நிமிடம்கூட ஆகவில்லை!

செருப்பைக்கூட மாட்டாமல் பேருந்து நிலையத்துக்கு ஓடினார். அவளுடைய அம்மா ஊருக்குப் போகும் பேருந்து உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் அவள். கண்கள் வீங்கியிருந்தன.

மூச்சிரைக்க ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நான் கிளம்பினது எப்படித் தெரிஞ்சுது?” என்றாள், முகத்தைத் திருப்பாமல்.

“கெண்டி சுட்டுது.”

“வண்டி எடுக்கப்போறாங்க, இறங்குங்க. உங்க பாய்லர் ஆறிடும்.”

“ஆறட்டும்மா. உங்கப்பாவுக்கு நான் இன்னும் அழவே இல்லையே.”

அவள் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான், கரி படிந்த முகத்தை அவள் தோளில் புதைத்துக்கொண்டு குழந்தை போல விம்மினார். பேருந்து எப்போது கிளம்பியதென்று இருவருக்குமே தெரியாது. கண்டக்டர் மூன்று முறை டிக்கெட் கேட்டதுகூடக் காதில் விழவில்லை.