முட்டை போடாத மா

என் தம்பியின் பெஞ்சாதி நல்லவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் வேறு யாரையும் என்னால் அப்படிச் சொல்ல முடியாது. என்னையும் சேர்த்துத்தான்.

எழுபதுகளின் நடுவில் நானும் என் கணவரும் மெல்பேர்னுக்கு வந்து டண்டினோங்கில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். தம்பி எங்களுக்கு முன்பே படிக்க வந்து, வேலையும் எடுத்து, ஒரு ஒல்லாந்துக்காரியை, டச்சுப் பெண்ணை, கலியாணமும் கட்டியிருந்தான். அவள் சின்ன வயதில் தாய் தகப்பனோடு கப்பலில் வந்து இறங்கியவள். அவன் அவளைக் கட்டியதற்கு அடி வாங்கியது நான். யாழ்ப்பாணத்தில் எங்கள் இரண்டு வீட்டாரும் மாற்றுச் சம்பந்தம் பேசியிருந்தார்கள். நான் இவரைக் கட்டுவது, இவருடைய தங்கையைத் தம்பி கட்டுவது. என் பங்கை நான் செய்தேன். அவன் பங்குக்கு ஒரு கடிதம் வந்தது, உள்ளே கலியாணப் படம். அதற்குப் பிறகு மாமியார் வீட்டில் நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. இங்கே வந்து இறங்கியபோதும் அந்த எரிச்சலை மூட்டை கட்டிக்கொண்டுதான் வந்தேன்.

பிறகு அம்மா மூன்று மாத விசாவில் எங்களிடம் வந்தார். வந்த அன்றே சொல்லிவிட்டார், தம்பி வீட்டுப் படியை மிதிக்க மாட்டாராம். மாட்டிறைச்சி காய்ச்சுகிற குசினியாம், பச்சைத் தண்ணீரும் வாயில் வைக்க முடியாதாம்.

“ஒல்லாந்தர் அண்டைக்கு எங்கடை ஊருக்கு வந்து கோட்டை கட்டினவை. இண்டைக்கு என்ரை பிள்ளையைப் பிடிச்சு வைச்சிருக்கினம்” என்பார்.

தம்பி சனிக்கிழமை தவறாமல் வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்காருவான். “போறதுக்கு முன்னம் ஒருநாள் எங்கடை வீட்டை வந்து ஒரு தேத்தண்ணி குடியுங்கோ அம்மா. அது காணும்” என்று கெஞ்சுவான். அம்மா “பாப்பம்” என்பார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். கெஞ்சட்டும் என்றுதான் இருந்தது எனக்கு. நான் எத்தனை பேரிடம் கெஞ்சியிருப்பேன்.

டிசம்பர் கடைசியில் தம்பி பெஞ்சாதி எனக்கு ஃபோன் எடுத்தாள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள், அந்த ஒரு சொல்லைத் தவிர மற்றதெல்லாம் ஆங்கிலம். வருஷத்தின் கடைசி நாளில் அவர்கள் வீட்டில் அப்பிளை வளையமாக வெட்டி, மாவில் தோய்த்துப் பொரிப்பார்களாம். பழம்தானே, மாமி சாப்பிடுவாதானே என்று கேட்டாள். எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து பொரித்துத் தருவாளாம். அம்மா சாப்பிட்டுவிட்டால் மனம் இளகி ஒருவேளை அங்கே வரக்கூடும் என்று தம்பி சொன்னானாம்.

நான் அடுக்கிக்கொண்டே போனேன். அம்மாவுக்கு மார்கழி விரதம். முட்டை கூடாது. அவள் தாய் மாவில் பியர் ஊற்றுவாளாம், அதைக் கண்ணிலும் காட்டக்கூடாது. இறைச்சி பொரித்த சட்டி கூடாது, அந்த எண்ணெய் கூடாது. இவ்வளவும் கேட்டால் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் பேப்பரில் எழுதிக்கொண்டாள்.

முப்பத்தோராம் தேதி மத்தியானம், இங்கே கோடை, வெயில் கொளுத்துகிற நேரம், வந்து இறங்கினார்கள். பொரிக்கப் புதுத் தாச்சி, கடைச் சீட்டுக்கூடக் கிழிக்கவில்லை. புது எண்ணெய். ஒரு பை பச்சை அப்பிள். அந்தக் கிழமை முழுக்க முட்டையில்லாமல் நாலு தரம் செய்து பார்த்திருக்கிறாள். முதல் இரண்டு தரமும் மா பழத்தில் ஒட்டாமல் எண்ணெயில் கழன்று போனதாம். அதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது. எனக்காக என் மாமியார் வீட்டில் எவர் நாலு தரம் எதையும் செய்து பார்த்தார்?

இவரும் தம்பியும் வளவில் புல்லு வெட்டும் மெஷினைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஹோலில் குசினி வாசலுக்கு நேரே கதிரையில் இருந்தார். குசினியில் நாங்கள் இரண்டு பேரும்தான். அவள் அப்பிளின் நடுவைக் குடைந்து எடுக்க, நான் தோல் சீவி வளையமாக வெட்டினேன். கறுவாப்பட்டைத் தூளும் சீனியும் தூவி வைத்தோம். கொஞ்ச நேரத்தில் பழம் தண்ணீர் விட்டது. அதைத் துணியால் ஒற்றி எடுக்காவிட்டால் மா வழுக்கிவிடும் என்று காட்டித் தந்தாள். கோதுமை மா, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் அப்பச்சோடா. கடைசியாகக் குளிரூட்டிய சோடாப் போத்தலைத் திறந்து என்னிடம் நீட்டினாள்.

“அக்கா, நீங்கள் ஊற்றுங்கள், நான் கலக்குகிறேன்.”

ஊற்றினேன். வாழைக்காய் பஜ்ஜி மாவைவிடச் சற்றுத் தடிப்பாக வந்தது. எண்ணெயில் போட்டதும் வளையங்கள் உப்பி மேலே வந்தன. இரண்டு பக்கமும் பொன்னிறமாக எடுத்து, அரிதட்டில் ஐசிங் சீனியை அரித்துத் தூவினாள். வீடு முழுக்கக் கறுவா மணம். பொய் சொல்லமாட்டேன், எனக்கே நாவூறியது.

தம்பி கை கழுவிக்கொண்டு வந்து அம்மா முன்னால் நின்றான். அம்மா ஒன்றைக் கையில் எடுத்தார். வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனவர் நிறுத்தி, மருமகளையும் கேட்காமல், மகனையும் கேட்காமல் என்னைப் பார்த்தார்.

“பிள்ளை, முட்டை போட்டதோ?”

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். எனக்கு மாமியாரின் முகம் நினைவு வந்தது, அந்தக் கலியாணப் படம் நினைவு வந்தது.

“எனக்குத் தெரியாதம்மா. நான் கவனிக்கேல்லை.”

அம்மா அதைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். தம்பிக்கு முகம் செத்துவிட்டது. அவன் பெஞ்சாதிக்குத் திரும்பி என்ன நடந்தது என்று சொன்னான். அவள் கோபிக்கவில்லை. நான் மறந்துவிட்டேன் என்றே அவள் நினைத்தாள், பாவம். ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டாள், “அக்கா, சோடாவை நீங்கள்தானே ஊற்றினீர்கள்?”

“என்னவாம்?” என்றார் அம்மா. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது.

தான் சொன்னால் அம்மா நம்பமாட்டார் என்று தம்பிக்குத் தெரியும். நான் சொல்லட்டும் என்று காத்துக்கொண்டு நின்றான். “சொல்லுங்கோ அக்கா” என்று மெல்லக் கேட்டான்.

“ஒண்டுமில்லை அம்மா. பரவாயில்லையாம்” என்றேன்.

அவன் பெஞ்சாதியின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். தாச்சியைக்கூட எடுக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த இரண்டு சனிக்கிழமையும் அவனைக் காணவில்லை. அம்மா ஊருக்குப் போகும் நாள் நெருங்கியது. அவன் வீட்டுக்குப் போவது பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

போவதற்கு முதல் நாள் சூட்கேசை அடுக்கிக்கொண்டிருந்த அம்மா சாதாரணமாகக் கேட்டார், “பிள்ளை, அந்த அப்பிள் பலகாரத்தை ஒருக்கால் சுட்டுத் தாவன். வழியிலை சாப்பிடலாம்.”

நான் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தேன். “நீங்கள் அதைச் சாப்பிடுவியளோ?”

“ஏன் சாப்பிடக் கூடாது? அவள் எங்கை முட்டை போட்டவள்? எல்லாத்தையும் நான் இதிலை இருந்து பாத்துக்கொண்டுதானே இருந்தனான். நீதானே சோடா ஊத்தினனி.” ஒரு சேலையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார், “நீ அப்பிடிச் சொன்னது நல்லதாப் போச்சு. இல்லாட்டி அங்கை போகவேண்டி வந்திருக்கும்.”

தலையில் தணல் கொட்டியமாதிரி இருந்தது. நான் மட்டும்தான் கெட்டவள் என்று நினைத்து இரண்டு கிழமை நித்திரையில்லாமல் கிடந்தேன். எனக்குத் தாயே துணைக்கு இருந்திருக்கிறார். கத்தியிருக்க வேண்டும். தம்பிக்கு ஃபோன் எடுத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அப்பிளை வெட்டி, கறுவாவும் சீனியும் தூவி, தண்ணீரை ஒற்றி எடுத்து, அவள் விட்டுப்போன தாச்சியிலேயே பொரித்துக் கொடுத்தேன். அம்மா சுடச்சுட நாலு சாப்பிட்டார். மிச்சத்தைப் பேப்பரில் சுற்றி வைத்தேன்.

விமான நிலையத்துக்குத் தம்பி வந்தான், தனியாக. அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பையைத் திறந்து அந்தப் பொட்டலத்தை எடுத்தார்.

“இந்தா ராசா, சாப்பிடு. அக்கா செய்தது. முட்டை கிட்டை ஒண்டுமில்லை.”

அவன் பேப்பரை விரித்துப் பார்த்தான். அரைகுறையாகத் தூவிய சீனி கரைந்து ஊறிப்போயிருந்தது. தன் பெஞ்சாதி செய்து காட்டிய அதே வளையங்கள் என்று கண்டுகொண்டான். பிறகு ஒன்றை எடுத்து, என்னைப் பார்த்துக்கொண்டே முழுதாகச் சாப்பிட்டான்.

“நல்லாயிருக்கம்மா” என்றான்.

அம்மாவுக்குச் சந்தோஷம். உள்ளே போகும்வரை திரும்பித் திரும்பிக் கை காட்டினார். அம்மா மறைந்ததும் அவன் பொட்டலத்தை மடித்து என் கையில் வைத்தான். போயிட்டு வாறன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டான். ஒரே நகரத்தில்தான் இன்றைக்கும் இருக்கிறோம். அவன் பிள்ளைகளை நான் தெருவில் கண்டால் அடையாளம் தெரியாது.