இரண்டு மணிக்கட்டுக்காரர்

சங்கரன்கோவிலில் எலும்பு டாக்டரின் வாசலில் அந்த நெசவாளரைப் பார்த்தேன். முழுக்கைச் சட்டை, தலைமுடியில் தறிக்கூடத்துப் பஞ்சு. ஒரு நூலை அறுப்பதும் முடிச்சுப் போடுவதுமாகவே இருந்தார்.

என் மகளின் மணிக்கட்டு முறிந்திருந்தது. கம்பி செருகலாம், இல்லை கீறிப் பிளேட்டு வைக்கலாம், எது வேண்டுமென்று மதியத்துக்குள் சொல்லுங்கள் என்றிருந்தார் டாக்டர். நான் போனில் கணவரிடம் புலம்பியதைக் கேட்டு அந்த நெசவாளரே பேசினார்.

“எனக்கு ரெண்டும் ஆச்சு தாயி. ஒரு கையில கம்பி வச்சு எடுத்தாக. இன்னொண்ணுல பிளேட்டு கிடக்கு.”

“எது நல்லது அண்ணாச்சி?”

“இந்தா, முடிச்சுப் போடுதேன். எந்தக் கை தடுமாறுதுன்னு நீயே பாரு.”

மூன்று முறை போட்டார். இரண்டு கைகளும் ஒன்றுபோலவே ஓடின.

“தெரியலையே.”

“தறிக்கே தெரியல, உனக்கு எப்படித் தெரியும்?” என்று சிரித்தார்.

கம்பிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். எதிர்க் கடையில் அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைப் பிடித்த கையில் பிளேட்டு வைத்த நீளத் தழும்பு இருந்தால் நான் தேர்ந்தது தப்பாகிவிடுமோ என்று பயந்து, பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

மகள் இப்போது நன்றாகத்தான் எழுதுகிறாள். அவள் கையை உதறும்போதெல்லாம், அன்று பார்த்திருக்கலாமோ என்று இருக்கிறது.