வெப்பத் தாள்

அவளை முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய். பிடித்துத்தான் இருந்தது. என் தோழிக்கும் பிடித்துவிட்டது, கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது.

நானும் தோழியும் கோவில்பட்டிப் பக்கம் ஒரே ஊர். பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு. ஒரே பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர் வந்து இறங்கி, கைப்பேசி செய்யும் கம்பெனி ஒன்றில் ஒரே நாளில் சேர்ந்து, பென்னலூரில் பெண்கள் ஹாஸ்டலில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில் பிடித்தோம். இரண்டாயிரங்களின் நடுவில் அந்தப் பக்கம் வேலைக்கு வந்த தெற்கத்திப் பெண்களுக்கெல்லாம் இப்படி ஒருத்தி இருந்தாள். பத்து நிமிட டீ இடைவேளையில் ஓடிப்போய்ப் பக்கத்தில் நிற்பதற்கு ஒருத்தி. எனக்கு என் தோழிதான். அவளுக்கு நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹாஸ்டல் சாப்பாட்டுக் கூடத்தில் ஓர் ஆட்டம் ஆடுவோம். பிரவுசிங் சென்டரில் வேறு எதையோ தேடப்போய் நான் கண்டுபிடித்து, முப்பது பக்கம் பிரிண்ட் எடுத்து, அகராதியை வைத்துக்கொண்டு படித்த ஆட்டம் அது. ஒருத்தி கதையை நடத்துவாள். மற்றவர்கள் அந்தக் கதையில் வரும் ஆட்களாக இருந்து, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். நடந்ததா இல்லையா என்பதைப் பரமபதப் பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு பகடைகள் தீர்மானிக்கும். கதை நடப்பது வருங்காலத்தில். கம்பெனிகள்தான் அரசாங்கம். மனிதர்கள் கண்ணிலும் கையிலும் கருவி பொருத்திக்கொண்டு திரிவார்கள். ஒரகடம் முழுக்க நூறு மாடிக் கட்டடங்கள், செம்பரம்பாக்கம் ஏரியைச் சுற்றிக் கம்பெனி வேலி. அங்கே தண்ணீர் திருடுகிற கூட்டம் நாங்கள். நடத்துகிறவள் நான். பிரிண்ட்டில் இருந்த இங்கிலீஷ் எனக்கு மட்டுமே பிடிபட்டதால் அந்த நாற்காலிக்குப் போட்டி இல்லை.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது கண்ணாடிதான். அதை மாட்டிக்கொண்டால், எதிரே தெரிவதன் மேலேயே கருவி எழுதிக் காட்டும். இது இரும்பு, இது அசைகிறது, இந்தச் சுவருக்குப் பின்னால் உடம்புச் சூடு என்று. பிரிண்ட்டில் இதெல்லாம் நாலு பக்கம் வெறும் எண்களாகக் கிடந்தது. நான் அதைத் தாள்களாக மாற்றினேன். கட்டடத்தின் வரைபடம் கிராஃப் தாளில். அதன்மேல் வைக்க, கீழே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் தாள்கள். உலோகம் ஒரு தாளில் நீலக் கோடு, அசைவு ஒன்றில் பச்சை அம்பு, சூடு ஒன்றில் சிவப்புப் புள்ளி, அதுதான் வெப்பத் தாள். எங்கள் ஆட்களுக்கும் உடம்பு சுடத்தானே செய்யும், அவர்களுக்கும் அதில் புள்ளி உண்டு. பகடை எட்டைத் தாண்டினால் கேட்ட தாளை வரைபடத்தின் மேல் வைப்பேன். தாண்டாவிட்டால் கண்ணாடி மங்கல், தாள் கிடையாது. வைத்த தாள் பொய் சொல்லக் கூடாது. அது நானே போட்ட சட்டம்.

முதலில் சொன்னேனே, அவள் உள்ளூர்க்காரி. பென்னலூரிலேயே நிலம் வைத்திருந்த குடும்பம். லைனில் என் தோழிக்குப் பக்கத்து மேசையில் டெஸ்டிங். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பை நிறைய வேகவைத்த வேர்க்கடலையோடு வந்து நின்றாள்.

"இன்னாக்கா, நானும் ஆடலாமா? கடலைல்லாம் லஞ்சம்தான், எடுத்துக்கங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முப்பது பக்கத்தில் ஒரு வரிகூடப் படிக்காதவள் இரண்டே வாரத்தில் கண்ணாடியைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டாள். அவளுடைய ஆள் வாசலில் நின்று கண்ணாடி வழியாகப் பார்க்கும், என் தோழியின் ஆள் உள்ளே நடக்கும். "ரெண்டாவது தூணாண்ட ஒருத்தன் கீறான். நீ இடது பக்கமா போய்க்கினே இரு" என்பாள். தோழி போவாள். முன்பெல்லாம் ஒவ்வோர் அடிக்கும் என் முகத்தைத்தான் பார்ப்பாள், ஏதாவது காட்டிக்கொடுக்கிறேனா என்று. இப்போது உள்ளூர்க்காரியின் முகத்தைப் பார்த்தாள்.

எனக்கு வயிறு எரிந்தது. இதை நாசூக்காகச் சொல்ல வேறு வழி தெரியவில்லை. அவள் கொண்டுவருகிற கடலை ருசியாக இருந்ததுகூட எனக்கு ஆகவில்லை. தின்றுகொண்டே எரிந்தேன். ஒருநாள் என் தோழி புதுச் சுடிதாரைத் தொட்டுப் பார்த்து "சோக்கா கீதுல்லா" என்றாள். கோவில்பட்டி வாயில் அவளுடைய கீது! 

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. கம்பெனி பஸ்ஸில் நான் கொஞ்சம் பிந்தி ஏறினேன். தோழி தன் பக்கத்து இருக்கையில் பையை வைத்திருந்தாள். எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்காரப் போனேன்.

"ஏட்டி, அவ அடுத்த ஸ்டாப்புல ஏறுவால்லா. நீ பின்னால உக்காரேன்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் பின்னால் உட்கார்ந்து, கம்பெனி கேட் வரும்வரை இரண்டு பின்னல்களைப் பார்த்துக்கொண்டு போனேன்.

சனிக்கிழமை மதியம் வெப்பத் தாளை எடுத்து உட்கார்ந்தேன். போன வாரம் ஆட்டம் நின்ற இடம் எல்லோருக்கும் தெரியும். ஏரிக்கரை பம்ப் கட்டடம். தோழியின் ஆள் உள் நடையில், மூடிய கதவுக்கு முன்னால். உள்ளூர்க்காரியின் ஆள் கண்ணாடியோடு வாசலில். கதவுக்குப் பின்னால் துப்பாக்கியோடு ஒரு காவலாள் என்று என் குறிப்புத் தாளில் எழுதினேன். வெப்பத் தாளில் அவனுக்குப் புள்ளி வைக்கவில்லை. பகடை எவ்வளவு விழுந்தாலும் சரி, இந்தத் தாளை வைப்பேன். அவள் "யாரும் இல்ல, போ" என்பாள். கதவு திறக்கும், தோழியின் ஆள் செத்துவிழும். அவள் பேச்சைக் கேட்டுத்தானே செத்தேன் என்று தோழிக்குப் புரியும். மறுபடி என் பக்கம் வருவாள். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். வாசலில் அவள் எப்படி நிற்பாள், எப்படி அசடு வழிவாள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டே, அவளுக்கு மட்டும் புள்ளியைச் சரியான இடம் பார்த்து அழுத்தி வைத்தேன்.

எங்கள் டெஸ்டிங் மேசைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஷிப்ட் தொடங்கியதும் முதலில் நல்ல பீஸைப் போடக் கூடாது. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய கெட்ட பீஸ் ஒன்று மேசைக்கு மேசை இருக்கும், ரெட் பீஸ் என்போம். அதைப் போட வேண்டும். மிஷின் அதை ஃபெயில் என்று சொன்னால்தான் லைன் ஓடும். பாஸ் என்று சொன்னால் மிஷின்தான் கெட்டிருக்கிறது, சூப்பர்வைசரைக் கூப்பிட வேண்டும். தினமும் காலையில் என் கையாலேயே நான் செய்கிற வேலை. அந்தச் சனிக்கிழமை அது என் புத்தியில் உறைக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் பகடையை உருட்டினாள். ஆறும் நாலும். "வெப்பம் காட்டுங்க அக்கா" என்றாள். தாளை வைத்தேன். 

"யாரும் இல்ல போலிருக்கே?" என்று நானே எடுத்துக் கொடுத்தேன். நடத்துகிறவள் அப்படிச் சொல்லவே கூடாது.

அவள் அவசரப்படவில்லை. தாள்மேல் விரலை வைத்து, வாசலிலிருந்து மெதுவாக நகர்த்திக்கொண்டு போனாள். "இருங்கக்கா. முதல்ல ரெட் பீஸ் போட்டுப் பாத்துக்கலாம்."

"இங்க என்ன ரெட் பீஸ்?" என்றேன்.

"இவ உள்ள நிக்கிறான்னு நமக்குத் தெரியும்ல? இவளக் காட்டுதான்னு பாத்தா போதும்." விரல் தோழியின் ஆள் நிற்கும் கதவுக்கு முன்னால் நின்றது. அங்கே ஒன்றுமில்லை. "ஐய, இவளையே காட்டல. என்னை மட்டும் காட்டுது. அப்ப கண்ணாடி கெட்டுப்போய்க் கீதுக்கா. நீ கதவத் தொறக்காத, வெளிய வந்துரு. லைன நிறுத்து."

அவளுக்கு என்மேல் சந்தேகம்கூட வரவில்லை. கண்ணாடியைத்தான் குறை சொன்னாள். சொல்லிவிட்டு, நல்ல வேளை தப்பித்தோம் என்று கடலையை உரித்து என் தோழியின் கையில் வைத்தாள்.

தோழி தின்னவில்லை. தாள்களை வரைவது யார் என்று அவளுக்குத் தெரியும். எட்டி, நான் மறைப்பாக நிறுத்தியிருந்த அட்டைக்குப் பின்னாலிருந்த என் குறிப்புத் தாளை எடுத்தாள். காவலாள், துப்பாக்கி என்பதைப் படித்தாள். வெப்பத் தாளை இன்னொரு முறை பார்த்தாள். வாசலில் இருந்த அந்த ஒற்றைச் சிவப்புப் புள்ளியை ரொம்ப நேரம் பார்த்தாள். 

"சாகப்போறது நான்தானட்டி," என்றாள் மெதுவாக. "எனக்கு ஒரு புள்ளி வைக்கலியே."

என்ன பொய்யை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். வேண்டுமென்றுதான் விட்டேன், கண்ணாடியை யாரோ குழப்புகிறார்கள், கதையில் அப்படி ஒரு திருப்பம் என்று. அவள் நம்பியும் இருப்பாள். 

"மறந்துட்டேன்" என்றேன்.

அன்றைக்கு நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதைக் கேட்டுத்தான் தோழி அழுதாள்.