அவள் தேடியது மோதிரம்

ஜெயிலுக்குப் போன புதிதிலேயே நான் ஜெபிப்பதை விட்டுவிட்டேன். இதை மறைத்துவிட்டு ஆரம்பித்தால் நான் சொல்வது பொய்ச் சாட்சி ஆகிவிடும். பொய்ச் சாட்சி ஒரு மனுஷனை என்ன பாடு படுத்தும் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

என் பெயர் ஞானராஜ். திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊர். கரிமூட்டம் போடுவது பிழைப்பு. சீமைக் கருவேல விறகை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே தீ வைத்து நாள்கணக்கில் புகையவிட்டால் கரியாகிவிடும். என் மனைவி எஸ்தரின் அண்ணன் துரைதான் என் கூட்டாளி. ரெண்டு பேருக்கும் வாய் சும்மா இருக்காது. சண்டை போட்டுக்கொண்டே வேலை பார்ப்போம், ஒரே தூக்குவாளியில் சாப்பிடுவோம்.

அன்றைக்குப் பங்குனி வெயில். மூட்டம் எரிந்து அடங்கியிருந்தது. இன்னும் ஆறவில்லை, பொறுப்போம் என்றேன். பந்தல்குடியிலிருந்து லாரி வருகிறது, இன்றைக்கே பிரித்தால்தான் லோடு ஏற்ற முடியும் என்றார் மச்சான். பேச்சு முற்றிவிட்டது.

"இன்னைக்கு மூட்டத்துல ஏறுனீகன்னா பொணமாத்தான் எறங்குவீக!" என்று கத்தினேன்.

கோபத்தில் சொன்னது. ஊரே கேட்டது.

மதியம் கூட வேலை பார்த்தவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மூட்டத்தின் மேல் ஏறுகிறவர்கள் குறுக்கே பலகை போட்டு அதன்மேல்தான் நிற்பார்கள். உள்ளே விறகு எரிந்து அடுக்கு இறங்கியிருக்கும், மேலே மண் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். மச்சான் பலகை போடவில்லை. "ஆறிப்போச்சு மாப்ள, சும்மா பயந்து சாகாத" என்று சிரித்துக்கொண்டே ஏறினார். இடுப்பு வரை உள்ளே போய்விட்டார்.

மண்வெட்டியை நீட்டினேன். காம்பு அவர் பக்கம், இரும்பு என் பக்கம். பிடித்துக்கொண்டார். இழுத்தேன். மண் மேலும் சரிந்தது. இரும்பு என் உள்ளங்கைகளை வெட்டிக்கொண்டு நழுவியது. மண்வெட்டியோடு மச்சான் உள்ளே போய்விட்டார். ஆண்டவரே, அவர் என்னைக் கூப்பிட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

எஸ்தரின் அப்பா, என் மாமா, புகார் கொடுத்தார். நான் மண்வெட்டியால் அடித்துத் தள்ளிவிட்டு அதை ஒளித்துவிட்டேனாம். காலையில் நான் கத்தியதைச் சொல்ல ஊரே வந்தது. மதியம் நான் இழுத்ததைச் சொல்ல ஒரு ஆள் இல்லை. கைக் காயத்தைக் காட்டினேன். அது கைகலப்பில் ஆனது என்றார்கள். மண்வெட்டி உள்ளேதான் கிடக்கிறது என்றேன். உடலை எடுத்தபோது மூட்டம் மொத்தமாகச் சரிந்திருந்தது. மேலோட்டமாகக் கிளறிப் பார்த்ததில் அது அகப்படவில்லை.

போலீஸ் வண்டியில் ஏற்றும்போது எஸ்தரைப் பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜெயிலை நான் தாங்கியிருப்பேன். அதைத் தாங்க முடியவில்லை.

மதுரை ஜெயிலில் உறவுக்காரர்கள் பார்க்க வருவதை மனு என்பார்கள். மனு வந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எழுந்து நிற்பேன். என் பெயர் வராது. ஜாமீனும் தள்ளுபடியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சபை ஊழியர் ஒருவர் வந்து, வேதத்தில் வருகிற, அக்கினிச் சூளையில் போட்டும் தலைமுடிகூடக் கருகாமல் வந்தவர்களைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். பாதியில் எழுந்து வந்துவிட்டேன். அவர்களோடு சூளையில் நடந்த ஆண்டவர் என் மச்சானோடு ஏன் நடக்கவில்லை? எனக்குப் பதில் வேண்டியிருந்தது. பதில் வரவில்லை. செத்துப்போனால் நல்லது என்று தோன்றியது. சாப்பாட்டை ஒதுக்க ஆரம்பித்தேன்.

பக்கத்துப் பாயில் காதர் இருந்தான். அருப்புக்கோட்டைக்காரன், என் வயசுதான். வேளை தவறாமல் தொழுவான். தட்டை என் முன்னால் தள்ளிவிட்டு ஒருநாள் கேட்டான்: "ஏலே, ஒன் சாமிகிட்ட என்னதாம்ல கேட்ட?"

"என்னைய வெளிய விடச் சொன்னேன். விடல. அதோட நானும் விட்டுட்டேன்."

"ஒனக்குத்தான கேட்ட? ஒன் பொண்டாட்டி கூடப்பிறந்தவன எழந்துட்டு நிக்கிறா. அவளுக்குன்னு எதுவும் கேட்டியா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அறைந்திருப்பேன். அறையவில்லை, ஏனென்றால் அவளுக்கென்று நான் எதுவும் கேட்டிருக்கவில்லை. அவள் என்னை நம்பவில்லை என்ற வலியிலேயே கிடந்தேன். அவளும் மாமாவும் எந்த வலியில் கிடக்கிறார்கள் என்று நினைக்கவே இல்லை.

அன்றைக்கு முழங்கால் போட்டேன். இவ்வளவுதான் சொன்னேன்: "ஆண்டவரே, எஸ்தர் எதைத் தேடுறான்னு எனக்குத் தெரியாது. அது அவளுக்குக் கிடைக்கட்டும். மாமாவைத் தேற்றும்." அதன்பிறகு தினமும் அதே ஜெபம். ஞாயிறு ஆராதனையில் மாமா பெயரைச் சொல்லி வாய்விட்டு ஜெபித்தேன். தன்னை ஜெயிலில் தள்ளின ஆளுக்கா ஜெபிக்கிறான் என்று சிரித்தார்கள். எனக்கே சில நாள் நாக்கு கசக்கும். ஆனாலும் சாப்பிட்டேன், தூங்கினேன், காய்ச்சலில் கிடந்த ஒருவனுக்குக் கஞ்சி ஊட்டினேன். வழி ஒன்றும் திறக்கவில்லை. இருட்டு அப்படியேதான் இருந்தது.

ஒருநாள் மனுவுக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் எஸ்தர் நின்றாள். நகக்கண்ணெல்லாம் கரி. சுற்றிலும் எல்லாரும் கத்திப் பேசுகிற இடம். அவள் மெல்லத்தான் பேசினாள்.

"அண்ணன் மோதிரம் போட்டிருந்தாகள்ல, அது ஒடம்புல இல்ல. அதையாச்சும் எடுத்துருவோம்னு மூட்டத்தத் தோண்டுனேன். மனுசன் வெந்த மூட்டம்னு ஒருத்தரும் கூட வரல. நாந்தான் தோண்டுனேன்."

"மோதிரம் கெடச்சதா?"

"கெடைக்கல." அவள் வலையை ஒட்டி வந்தாள். "மம்பட்டிதான் கெடச்சது. அடித்தரையில, காம்பு கருகிக் கெடந்துச்சு. எங்க, ஒங்க கையக் காட்டுங்க."

ரெண்டு உள்ளங்கையையும் வலையில் வைத்தேன். தழும்பு ஒரே கோடாக இருந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"காம்ப அண்ணனுக்குக் குடுத்துட்டு இரும்ப நீங்க புடிச்சிருக்கீக," என்றாள். அப்புறம் ரெண்டு பேரும் அழுதோம். நேரம் முடிந்துவிட்டது என்று கூப்பிடும்வரை அழுதோம்.

என் வக்கீல் அந்த மண்வெட்டியைக் கோர்ட்டில் காட்டினார். ஜாமீன் கிடைத்தது. கேஸ் இன்னும் நடக்கிறது. இப்போது கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்கிறேன். சாவைப் பற்றி விளையாட்டுக்கும் பேசுவதில்லை. காதருக்கு மனு பார்க்க ஆள் இல்லை என்றால் நான் போகிறேன்.

ஆராதனை முடிந்ததும் நானும் எஸ்தரும் சல்லடை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சாம்பலைச் சலிப்போம். போன வாரம் எங்களுக்கு முன்னால் ஒருவர் அங்கே உட்கார்ந்து சலித்துக்கொண்டிருந்தார். மாமா. என்னோடு பேசவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

பிரியமானவர்களே, உங்களுக்காகக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோயிருந்தால், உங்கள்மேல் கசந்து நிற்கிற ஒருவருக்காக ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஜெபத்தைக் கேட்கிற ஆண்டவர் அங்கே இருக்கிறார். மோதிரம் இன்னும் கிடைக்கவில்லை. மூன்று பேரும் தேடுகிறோம். எங்களோடு சேர்ந்து நீங்களும் கேளுங்கள்.